பிரக்டிகல் பிள்ளைகளை எடுக்கும் முதலாளிமார்களுக்கு

பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறோம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சுற்றுவட்டாரச் செம்பனை எண்ணெய் மில்களில் பிரஸ் ஸ்குரூ தேய்ந்தால், கன்வேயர் சங்கிலி அறுந்தால், பம்ப் படுத்துக்கொண்டால் எங்களுக்குப் போன் வரும், அவ்வளவுதான். பட்டறையை என் அண்ணன் பார்க்கிறார். ஆபீஸ், சம்பளம், கணக்கு, அப்புறம் வேறு யாரும் கையில் எடுக்காத எல்லாமே என் தலையில். பிரக்டிகல் பிள்ளைகளும், அதாவது கொலேஜிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களும், அப்படித்தான் என் பொறுப்புக்கு வந்தார்கள்.

டவுனில் நாலு முதலாளிகள் சேரும் இடத்தில், கோயில் திருவிழாவோ கல்யாணமோ, யாராவது ஒருவர் "உங்க இடத்துல மட்டும் பசங்க எப்படிம்மா வேலை செய்றாங்க, எங்கிட்ட வர்றதெல்லாம் போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்று கேட்காமல் விடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாம் பாருங்கள்.

முதலில் ஒன்று. பிள்ளைகள் போனை நோண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை. காலையில் எட்டு மணிக்கு வந்து நிற்கிற பையனுக்கு இன்றைக்கு என்ன வேலை என்று அந்த இடத்தில் ஒருவருக்கும் தெரியாது. போர்மேன் "ஆபீஸ்ல கேளு" என்பார், ஆபீஸில் "போர்மேனைக் கேளு" என்பார்கள். பத்து மணிக்கு யாரோ ஒருவர் தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கி வரச் சொல்வார். ஒரு வாரம் இப்படிப் போனால் நானாக இருந்தாலும் போனைத்தான் எடுப்பேன்.

பெரிய இடத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று நம் வீட்டுப் பெற்றோர்கள் நினைக்கிறார்கள். என் அக்கா மகள் கோலாலம்பூரில் ஒரு பெரிய கொம்பனியில் பிரக்டிகல் செய்தாள், பெயர் வேண்டாம். கண்ணாடிக் கட்டிடம், கழுத்தில் அட்டை, ஏர்கோன் குளிர். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அவள் செய்தது என்ன என்றால் பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்து பெயர் மாற்றிப் போட்டது, முடிகிற வரைக்கும் அதேதான். பிறகு வேலைக்கான நேர்முகத்தில் "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டபோது அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் நம் டவுனில் வேறு மாதிரி: முதலாளியின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது, காரைக் கழுவுவது, கடையைக் கூட்டுவது. இரண்டும் ஒரே கதைதான், ஒன்றில் ஏர்கோன் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இரண்டே கேள்வி. இந்தப் பிள்ளை முடித்துப் போகும்போது எதைக் காட்டி "இது நான் செய்தது" என்று சொல்லும்? தினமும் சந்தேகம் வந்தால் யாரிடம் போய் நிற்கும்? இரண்டுக்கும் பதில் இல்லையா, இந்தத் தடவை எடுக்காதீர்கள். இடம் இல்லை என்று பதில் போடுங்கள். அதையாவது போடுங்கள், ஏனென்றால் ஒரு பிள்ளை கடிதமும் ரெசுமேயும் இணைத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது, முக்கால்வாசி இடத்தில் இல்லை என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

யார் அனுப்புகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கேயே இருக்கும் பாகான் டத்தோ பொலிடெக்னிக், ஈப்போவில் 1969-லிருந்து நடக்கும் உங்கு ஒமார் பொலிடெக்னிக், தெலுக் இந்தான் கொமுனிட்டி கொலேஜ், அப்புறம் கொலேஜ் வொக்கேஷனல்கள், பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் காலம் வேறு, ஃபாரம் வேறு. பொலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் பிரக்டிகல்தான். அதற்கு முந்தைய செமஸ்டரிலேயே இடம் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதனால் உங்களுக்கு ஆள் வேண்டும் என்றால் அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், அந்தத் துறையின் பிரக்டிகல் பொறுப்பாளரான விரிவுரையாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். இத்தனை பேர், இந்த வேலை, இவ்வளவு அலவன்ஸ், தங்க இடம் உண்டா இல்லையா. நாலு வரி போதும். அப்படி எழுதும் முதலாளிகள் குறைவு, அதனால் நல்ல பிள்ளைகளாகப் பார்த்து அனுப்புவார்கள்.

இனி அந்த முதல் கேள்வி, சொந்த வேலை. இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

செம்பனை மில்லில் பழக்குலையை ஆவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, டைஜெஸ்டரில் பிசைந்து, பிரஸ்ஸுக்கு விடுவார்கள். பிரஸ்ஸுக்குள் இரண்டு ஸ்குரூ எதிரெதிராகச் சுற்றி அந்தக் கூழைப் பிழியும். கொட்டையும் மணலும் உரசி உரசி ஸ்குரூவின் விளிம்பு தேயும். தேய்ந்தால் இடைவெளி கூடும், நாரிலேயே எண்ணெய் தங்கிப்போகும். சரி என்று இறுக்கிப் பிழிந்தால் கொட்டை நொறுங்கி உள்ளே இருக்கும் பருப்பு உடையும். இரண்டும் மில்லுக்கு நஷ்டம். தேய்ந்த ஸ்குரூவை எங்களிடம் அனுப்புவார்கள், நாங்கள் விளிம்பில் கடின வெல்டிங் போட்டு உயர்த்தி, அளவுக்குத் தேய்த்துக் கொடுப்போம். எந்த மில்லின் ஸ்குரூ எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்தது, போன தடவை எந்த வெல்டிங் குச்சி போட்டோம் என்பதெல்லாம் எங்கள் போர்மேனின் தலைக்குள் இருந்தது. அவர் லீவு எடுத்தால் அந்தத் தகவலும் லீவு.

மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பையன் வந்தபோது அண்ணன் அவனிடம் இதைக் கொடுத்தார். உள்ளே வரும் ஒவ்வொரு ஸ்குரூவையும் வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொரு சுற்றிலும் அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், மில்லுக்குப் போன் போட்டு ஓடிய மணி நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும், எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில். முதல் வாரம் அவன் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்தே வரவில்லை. போர்மேன் வெர்னியரை வாங்கி, தேய்ந்த விளிம்பில் எங்கே பிடிக்க வேண்டும், கிரீஸும் நாரும் ஒட்டியிருந்தால் ஏன் துடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், ஒரே இடத்தில் மறுபடியும் அளந்தால் ஏன் அதே எண் வர வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அவனே வெள்ளை பெயிண்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் எண் போட ஆரம்பித்தான், யாரும் சொல்லவில்லை. ஃபைல் கொஞ்சம் நிறைந்ததும் ஒரு மில்லின் ஸ்குரூ மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் தேய்வது பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் போய்ப் பார்த்தால், உதிரிப் பழத்தோடு மணலும் சேர்ந்தே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஃபைலை இன்றைக்கும் நாங்கள் திறக்கிறோம். அவன் வேலை தேடும்போது காட்டியதும் அதைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வேலை எங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. சும்மா கொடுத்த வீட்டுப்பாடம் இல்லை. அதே சமயம் அவன் ஒரு வாரம் தாமதித்தால் எந்த வாடிக்கையாளரும் கத்தப் போவதில்லை. நாளைக்கு டெலிவரி போக வேண்டிய சாமானைப் பிரக்டிகல் பையன் தலையில் கட்டிவிட்டு, பிறகு "இந்தக் காலத்துப் பசங்க..." என்று ஆரம்பிப்பது நியாயமே இல்லை.

ஆபீஸ் பக்கத்துக்கும் இதே கணக்குதான். வரி இலாகாவின் மின்னணு பில் முறையான இ-இன்வோய்ஸ் 2024 ஆகஸ்டில் பெரிய கொம்பனிகளோடு தொடங்கி, படிப்படியாகச் சின்ன இடங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் வரி அடையாள எண், ரெஜிஸ்ட்ரேஷன் எண், சரியான முகவரி எல்லாம் வேண்டும். எங்கள் பட்டியலில் பாதிப் பேர் வெறும் பட்டப்பெயராகவும் போன் நம்பராகவும்தான் இருந்தார்கள் (ஒருவர் 'பெரிய லோரி அங்கிள்' என்று பதிவாகியிருந்தார்). அக்கவுண்ட்ஸ் படிக்கும் ஒரு பெண் வந்து அதை முழுக்கச் சரிசெய்தாள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை: பட்டியலைக் கொடுக்கலாம், பேங்க் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். வேலையாட்களின் ஐ.சி. (அடையாளக் கார்டு) நகல், சம்பள விவரம் இதெல்லாம் மேசையில் திறந்து கிடக்க வேண்டாம். பிள்ளைமேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் முதலில் பழி விழுவது புதிதாக வந்தவர் மேல்தான்.

இரண்டாவது கேள்வி, யாரிடம் போய் நிற்பது. எல்லா முதலாளிகளும் தன் கெட்டிக்கார ஆளிடம்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள். எங்கள் பட்டறையில் மிகச் சிறந்த வெல்டர் ஒருவர் இருக்கிறார், அவர் வெல்டிங்கைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அவர் வாயைத் திறந்து ஒரு விஷயத்தை விளக்க மாட்டார். "பார்த்துக் கத்துக்க" என்பார், முகமூடியை இறக்கிவிடுவார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டாவது வெல்டர் அவ்வளவு சூரர் இல்லை, ஆனால் ஏன் இந்த ஆம்பியர், ஏன் முதலில் சூடு காட்ட வேண்டும் என்று கேட்டால் நின்று சொல்வார். பிள்ளைகளை அவரிடம்தான் விடுகிறோம். அவருடைய வேலைச் சுமையையும் அந்த மாதங்களில் குறைத்தோம். இதைச் செய்யாமல் "உன் வேலையோடு இதையும் பார்த்துக்கோ" என்றால், முதல் பரபரப்பான நாளிலேயே பிள்ளை மூலைக்குப் போய்விடும். அவருக்குச் சின்னதாக ஒரு தொகையும் கொடுக்கிறோம். பெரிய பணமில்லை, ஆனால் அது தன் வேலையின் ஒரு பகுதி என்று அவருக்கும் தெரிகிறது, மற்றவர்களுக்கும் தெரிகிறது.

பாஷை விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. எங்களிடம் வரும் பிள்ளைகளில் மலாய்ப் பிள்ளைகள்தான் அதிகம், பொலிடெக்னிக்கில் அப்படித்தானே. பட்டறையிலோ தமிழ். காலையில் பசியாறும்போது எல்லோரும் தமிழில் பேசிச் சிரிப்பார்கள், அந்தப் பையன் நாசி லெமாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சிரிப்பு அவனைப் பற்றி இல்லை, ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்? வேலை சம்பந்தமான பேச்சு அவன் இருக்கும்போது மலாயில்தான் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்வரும் நேரத்தைக் கணக்குப் பார்க்கவும் கூடாது என்றார். நம் பிள்ளைகள் வேறு இடங்களில் போய் இதே மாதிரி ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்து வீட்டில் புலம்புவதைக் கேட்டிருக்கிறோம் இல்லையா?

அலவன்ஸ். ஆ, இதைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் மாறும். "படிக்கத்தானே வர்றாங்க, நாங்க எதுக்குக் காசு கொடுக்கணும்?" கோலாலம்பூரில் எல்ஆர்டி ரயில் இருக்கிறது. இங்கே காலையில் எட்டு மணிக்கு எஸ்டேட் உள்ளிருந்து டவுனுக்கு வர எந்தப் பஸ்ஸை நம்புவது? மோட்டார் சைக்கிள் வேண்டும், அது இல்லாத பிள்ளைக்கு அப்பாவோ மாமாவோ வேலையைத் தாமதித்துக் கொண்டுவந்து விட வேண்டும். வெளியூர்ப் பிள்ளை என்றால் அறை வாடகை. அலவன்ஸ் இல்லாத பிரக்டிகல் என்றால் காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் நல்ல இடத்துக்குப் போக முடியும், மற்றவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த கடையில் நிற்பார்கள். 2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதைக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. பெட்ரோலும் மத்தியானச் சாப்பாடும் போக அந்தப் பிள்ளை வீட்டில் கை நீட்டாமல் இருக்கும் அளவுக்காவது கொடுங்கள், மாதம் தவறாமல் சம்பள நாளிலேயே கொடுங்கள்.

அலவன்ஸுக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு என்று பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். உண்மைதான். டேலண்ட்கோர்ப் என்ற அரசாங்க நிறுவனம் பார்த்துக்கொள்ளும் திட்டம் அது. குறைந்தது 10 வாரம், டிப்ளோமா பிள்ளைக்கு மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத அலவன்ஸ், முறையான பயிற்சித் திட்டம் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனால் கொடுத்த பணம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மாதத்துக்கு 500 வீதம் 2,500 வெள்ளி கொடுத்தீர்கள் என்று வையுங்கள். இன்னொரு 2,500-ஐ வருமானத்திலிருந்து கழிக்கலாம், அவ்வளவுதான். சின்ன கொம்பனிகளுக்கு முதல் 150,000 வெள்ளி லாபத்துக்கு வரி 15 சதவீதம், அந்தக் கணக்கில் கையில் மிஞ்சுவது 375 வெள்ளி. 24 சதவீதம் கட்டும் பெரிய கொம்பனிக்கு 600. வந்தால் நல்லது, அதற்காக ஆள் எடுப்பது வீண் வேலை. உங்கள் அக்கவுண்டன்டிடம் பிள்ளை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் அவரும் தலையைச் சொறிவார்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வேலையிடப் பாதுகாப்புக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும், ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கவும் வேண்டும். எங்களிடம் பிள்ளை சேரும் முன்பே காலணி அளவு கேட்டு வாங்கி வைத்துவிடுவோம், முதல் நாளே பூட்ஸ் கையில். முதல் வாரம் கிரைண்டரைத் தொட விடுவதில்லை. மில்லுக்குப் போனால் தனியாக அனுப்புவதில்லை, குலை வேகவைக்கும் ஸ்டெரிலைசர், தொட்டி மாதிரி மூடிய இடங்களுக்குள் போகவே கூடாது. அடிபட்டால் எந்த இன்சூரன்ஸ் என்று கொலேஜிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச் சொல்லில் விடாதீர்கள். ராத்திரி மில் பிரேக்டவுன் என்று போன் வந்தால் பிரக்டிகல் பையனை எழுப்பாதீர்கள். வேலையாட்களுக்கே 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான், இவர்களை அதற்கு மேல் நிறுத்தி வைக்க என்ன இருக்கிறது?

பெண் பிள்ளை வந்தால்? தாழ்ப்பாள் உள்ள சுத்தமான கழிப்பறை. சிரிக்காதீர்கள், எங்கள் பட்டறையில் அது இல்லாமல்தான் இருந்தது, நான் அண்ணனோடு சண்டை போட்டு வாங்கினேன். கிண்டல், தொடுகை, ராத்திரி நேர மெசேஜ் இதெல்லாம் நடந்தால் யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிட வேண்டும். பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022-லிருந்து தனியாகவே இருக்கிறது, சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதும் முதலாளியின் கடமை.

அப்புறம் புக்கு லோக். வாரா வாரம் மேற்பார்வையாளர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய புத்தகம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: கடைசி வாரம் பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவரும், ஒருவர் போனில் பேசிக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுவார். நான் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அதைப் படிக்கிறேன். கழுவினேன், துடைத்தேன், தூக்கிக் கொடுத்தேன் என்றே ஒரு வாரம் முழுக்க இருந்தால், திங்கட்கிழமை காலையில் நான் போய்ப் பேசுவது பிள்ளையிடம் இல்லை, போர்மேனிடம்தான். விரிவுரையாளர் பார்க்க வரும் நாளில் மட்டும் பையனை லேத் பக்கத்தில் நிறுத்திப் படம் காட்டும் வேலையும் வேண்டாம். அவர்கள் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

மதிப்பெண் ஃபாரம் வரும்போது எல்லாப் பெட்டியிலும் முழு மார்க் போட்டு அனுப்புவது நம்மவர்களின் பெரிய மனசு. பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எது நன்றாக வருகிறது, எது வரவில்லை என்பதைப் பாதிக் காலத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். ஒரு பையன் ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் தாமதம். கூப்பிட்டுக் கேட்டால், "அக்கா, தங்கச்சியை ஸ்கூல்ல விட்டுட்டு வரணும், சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றான். எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போ என்றோம், பிரச்சினை முடிந்தது. கேட்டிருக்காவிட்டால் ஃபாரத்தில் 'நேரந்தவறுபவர்' என்று போயிருக்கும்.

கடைசி வாரத்தில் புதிய வேலை எதுவும் கொடுக்காதீர்கள். செய்ததை எழுதி ஒப்படைக்கட்டும், இன்னொருவர் திறந்து பார்த்தால் புரிகிற மாதிரி. பட்டறை ஆட்கள் எல்லோரையும் ஒரு மத்தியானம் உட்காரவைத்து, என்ன செய்தோம் என்று பிள்ளையையே பேசவிடுங்கள். நடுங்குவார்கள், பரவாயில்லை. நற்சான்றுக் கடிதத்தில் 'கடின உழைப்பாளி, நல்லொழுக்கமுள்ளவர்' என்று எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அடித்துக் கொடுக்காமல், பிரஸ் ஸ்குரூ தேய்மானப் பதிவைத் தொடங்கியவர், வாடிக்கையாளர் பட்டியலை இ-இன்வோய்ஸுக்குத் தயார் செய்தவர் என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

வேலை கொடுக்க இடமிருந்தால், முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சம்பளத்தோடு சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்பதையும் அப்போதே சொல்லுங்கள். "பார்க்கலாம், கூப்பிடுறேன்" என்று இழுத்தடித்தால் பிள்ளை வேறு இடத்துக்கு எழுதாமல் காத்திருக்கும். நல்ல பையன்கள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போகத்தான் செய்வார்கள், இங்கே கற்றுக்கொண்டதை எடுத்துக்கொண்டு போகிறானே என்று அண்ணன்கூட முதலில் முணுமுணுத்தார். இப்போது அந்தப் பையன்களில் ஒருவன் வேறு மாநிலத்தில் ஒரு மில்லில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறான், அங்கே ஸ்குரூ தேய்ந்தால் எங்களிடம்தான் விலை கேட்கிறான். விலையையும் நன்றாக அடித்துத்தான் பேசுகிறான்.